பந்தை உருட்டும் டாரன்டுலா: விளையாட்டா, வேலையா?

செம்முட்டி:

எல்லோருக்கும் வணக்கம். டாரன்டுலா என்ற பெரிய, முடியடர்ந்த சிலந்தியை வளர்க்கும் பெட்டிக்குள் பிங்பாங் பந்து, பொம்மை நாற்காலி, பஞ்சுப் பொம்மை என்று எதையாவது போட்டுவிட்டு, அது முன்காலால் தள்ளுவதைப் படம்பிடித்து "விளையாடுது பாருங்க" என்று போடும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்ப்பது, கிண்ணம் நிறைய மண்ணை அள்ளிப் போடுவது, பிளாஸ்டிக் செடியைப் பிடுங்கி வளைவாசலுக்கு இழுத்துப் போவது, இரையைக் கவ்வியதும் சுற்றிச் சுற்றி ஆடுவது என எல்லாவற்றுக்கும் இதே விளக்கத்தைச் சொல்கிறார்கள்.

நான் கேட்பது முழுவளர்ச்சி அடைந்த ஒரு பெண் பிராக்கிபெல்மா ஹமோரியை (தரையில் வாழும் ஒரு டாரன்டுலா இனம்) வைத்து. கால்வீச்சு (விரித்த கால்களின் நுனிக்கு நுனி) 14 செ.மீ., பெட்டி 45×30×30 செ.மீ., மண் ஆழம் 10 செ.மீ., அரைவட்டக் கார்க் பட்டை ஒன்று, கிண்ணம் ஒன்று. உள்ளே இருக்கும் 2 செ.மீ. மரப்பந்து இரவில் இடம் மாறுகிறது. இதை விளையாட்டு என்று சொல்லலாமா? விளையாட்டு இல்லையென்றால், அதற்கு உண்மையிலேயே உதவும் என்ரிச்மென்ட், அதாவது இயல்பான நடத்தைக்கு இடம் தரும் ஏற்பாடு, எது? உதவுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எட்டடி:

முதலில் பந்தைப் பார்ப்போம். டாரன்டுலாவுக்கு எட்டுக் கண் இருந்தாலும் வெளிச்சம், இருட்டு, அசைவு இவற்றுக்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன் உலகம் காலில் இருக்கிறது. காலின் மேலோட்டில் உள்ள நுண்பிளவுகள் மண்ணின் அதிர்வை உணர்கின்றன. மெல்லிய உணர்முடிகள் காற்றசைவைப் பிடிக்கின்றன. கால் நுனியிலும், வாயருகே குட்டிக் கால்போல இருக்கும் பெடிபால்ப்பின் நுனியிலும் சுவையறியும் முடிகள் உண்டு. அதனால் ஒரு பொருளைத் தொடுவதும் நக்கிப் பார்ப்பதும் அதற்கு ஒரே செயல்தான்.

புதுப் பொருளை எதிர்கொள்ளும்போது வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். முன்கால் ஒன்று நீளும், லேசாகத் தட்டும். பிறகு இரண்டு முன்காலும் பெடிபால்ப்பும் மேலே படியும். பொருள் நகர்ந்தால் இரைதானா என்று இழுத்துப் பார்க்கும், சில சமயம் நச்சுப்பல்லையும் வைக்கும். இரை இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடும் அல்லது தள்ளிவிடும். பந்து உருண்டையாக இருப்பதால் தள்ளியதும் உருள்கிறது. உருண்டால் மறுபடி அதிர்வு. அதிர்வு வந்தால் மறுபடி சோதனை. பார்ப்பவருக்கு அது ஆட்டம்போலத் தெரிகிறது. அதே 2 செ.மீ. அளவில் ஒரு மரக்கட்டையைப் போட்டுப் பாருங்கள். ஒருமுறை தொட்டுவிட்டு அநேகமாகக் கடந்துபோய்விடும்.

தொட்டுச் சோதித்துவிட்டு விலகுவது காட்டில் வாழும் டாரன்டுலாவிடமும் பதிவான நடத்தைதான். தென்கிழக்குப் பெருவில் செனெஸ்திஸ் இம்மானிஸ் என்ற பெரிய டாரன்டுலா, கியாஸ்மோகிளீஸ் வென்ட்ரிமாகுலேட்டா என்ற சிறு தவளையோடு ஒரே வளையில் இருப்பதை 1989இல் காக்ராஃப்ட், ஹாம்ப்ளர் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். சிலந்தி தவளையைப் பிடிக்கும், வாயுறுப்பால் பரிசோதிக்கும், காயமில்லாமல் விட்டுவிடும். தவளையின் தோலில் உள்ள வேதிப்பொருளை வைத்து அடையாளம் காண்கிறது என்பதே இதற்கு ஏற்ற விளக்கம். பந்திலும் முதலில் நடப்பது இந்தப் பரிசோதனைதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரை பிடித்ததும் ஆடும் "ஆட்டம்", வயிற்று நுனியால் தரையில் நூல் விரிக்கும் வேலை. இரையை அந்த விரிப்பில் வைத்துச் சுற்றிக் கட்டும். கிண்ணத்தில் மண் போடுவது, தோண்டிய மண்ணைக் கொட்ட ஓர் இடம் வேண்டும் என்பதால். செடியை இழுப்பது வாசலை மறைக்க, அல்லது நூல் கட்ட ஒரு பிடி தேடி. கவலைப்பட இவற்றில் எதுவும் இல்லை. கிண்ணத்தை மட்டும் வளைக்கு எதிர்மூலைக்கு மாற்றுங்கள்.

பட்டுத்தடம்:

எட்டடி சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஆனால் "சிலந்தி விளையாடவே விளையாடாது" என்ற முடிவுக்கு யாரும் தாவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விலங்குகளின் விளையாட்டை ஆராய்ந்த கார்டன் பர்க்ஹார்ட் 2005இல் ஐந்து அளவுகோல்களை வைத்தார். அந்தச் செயல் நடக்கும் சூழலில் அதற்கு முழுப் பயன் இருக்கக் கூடாது. தானாக, அந்தச் செயலுக்காகவே செய்ய வேண்டும். அதே செயலின் "காரிய" வடிவத்திலிருந்து அமைப்பிலோ நேரத்திலோ மாறியிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வர வேண்டும், ஆனால் கூண்டுப் புலியின் நடைபோல மாறாத ஒரே அச்சில் இருக்கக் கூடாது. கடைசியாக, விலங்கு பசியோ நோயோ அச்சமோ இல்லாத நிலையில் இருக்க வேண்டும். ஐந்தும் சேர்ந்தால்தான் விளையாட்டு.

2022இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் லார்ஸ் சிட்காவின் ஆய்வகம் பம்பிள் தேனீக்களுக்குச் சின்ன மரப்பந்துகளைக் கொடுத்தது. உணவுக்குப் போகத் தடையில்லாத பாதை இருந்தது, பந்தை உருட்டினால் எந்தப் பரிசும் இல்லை. இருந்தும் தேனீக்கள் பந்து இருந்த பக்கம் ஒதுங்கி உருட்டின, திரும்பத் திரும்ப உருட்டின. இளம் தேனீக்கள் அதிகம் உருட்டின. பந்து இருந்த அறையின் நிறத்தைப் பிறகு, பந்து இல்லாதபோதும், அவை தேர்ந்தெடுத்தன. ஒரு பூச்சியில் இதைக் காட்ட முடிந்தது என்றால், சிலந்தியிலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விதான்.

எட்டடி:

கேட்டுப் பார்க்கலாம், மறுப்பில்லை. தேனீ ஆய்வின் பலமே அந்தக் கடைசிப் படியில் இருக்கிறது. உருட்டியதைப் பார்த்தவுடன் அவர்கள் நின்றுவிடவில்லை, அந்த இடத்தை அது நாடுகிறதா என்றும் சோதித்தார்கள்.

டாரன்டுலா வீடியோக்களை உங்கள் ஐந்து அளவுகோல்களில் வைத்துப் பாருங்கள். முதல் அளவுகோலிலேயே இரை தேடுதல், வாசல் துப்புரவு என்று பயனுள்ள விளக்கங்கள் எதிரே நிற்கின்றன. இரண்டாவதைச் சொல்ல, பந்தைத் தேடி அது வந்ததா, வழியில் இடறியதா என்று தெரிய வேண்டும். முப்பது நொடி வீடியோவில் அது தெரியாது. நான்காவதற்கு ஒரே சிலந்தியின் பல இரவுப் பதிவு வேண்டும். ஐந்தாவதுதான் மோசம். பெரும்பாலான வீடியோக்களில் மூடி இப்போதுதான் திறக்கப்பட்டிருக்கிறது, பளிச்சென்று விளக்கு எரிகிறது, ஒரு கை உள்ளே வந்துபோயிருக்கிறது. அந்த நிலையில் முன்காலைத் தூக்கித் தள்ளுவதை நிம்மதியான நடத்தை என்று எடுக்க முடியாது.

கிளைவாசி:

முதிர்ந்த ஆண்களையும் இந்தக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவிடுங்கள். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு ஆண் வளையை விட்டு வெளியேறி ராத்திரி முழுக்க நடக்கும், தரையைத் தட்டும், சுவர் ஏறும். பெண்ணைத் தேடுகிறது. பெடிபால்ப் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோல உப்பியிருக்கிறதா, முன்காலில் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கி எல்லா இனத்திலும் வராது, உப்பிய பெடிபால்ப்தான் நிச்சயமான அடையாளம். அப்படிப்பட்ட ஆணுக்குப் பந்து கொடுத்து எடுத்த பதிவால் எதையும் சொல்ல முடியாது.

மண்குகை:

விளையாட்டா இல்லையா என்ற விவாதம் ஒருபக்கம் நடக்கட்டும். செம்முட்டியின் இரண்டாவது கேள்விதான் சிலந்திக்கு முக்கியம். டாரன்டுலாவுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய என்ரிச்மென்ட், தோண்டக்கூடிய மண். மண் சரியாக இல்லாத பெட்டியில் எந்தப் பொம்மையும் எதையும் ஈடுசெய்யாது.

கலவை: உரமோ பூச்சிமருந்தோ கலக்காத மேல்மண் ஆறு பங்கு, தேங்காய்நார்த் தூள் மூன்று பங்கு, வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) ஒரு பங்கு. தனித் தேங்காய்நார்த் தூள் காய்ந்ததும் சரியும், அதில் வளை நிற்காது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து ஒரு கைப்பிடி அழுத்துங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. பெட்டியில் 5 செ.மீ. உயரத்துக்குப் போட்டு அழுத்தி, அதன்மேல் அடுத்த 5 செ.மீ. என்று அடுக்குங்கள். ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் தட்டினால் அடிமண் பொலபொலவென்று இருக்கும், தோண்டும்போது கூரை இடிந்து விழும்.

ஆழம் இனத்தைப் பொறுத்தது. சைரியோபேகோபஸ் போன்ற வளைவாசிகளுக்குக் கால்வீச்சைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு, முடிந்தால் மூன்று மடங்கு. ஹமோரி போன்ற தரைவாசிக்கு 12 முதல் 15 செ.மீ. போதும். செம்முட்டி, உங்கள் பெட்டியில் மண்ணை 15 செ.மீ. ஆக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது மண்ணிலிருந்து மூடிவரை 20 செ.மீ. வெற்றிடம் இருக்கிறது. தரைவாசி கனமானது. சுவரில் ஏறிக் கீழே விழுந்தால் வயிறு கிழியும். டாரன்டுலா காலை நீட்டுவதே உடல்நீர்மத்தின் அழுத்தத்தால்தான். நீர்மம் கசிந்தால் காலும் போகும், உயிரும் போகும். வெற்றிடம் கால்வீச்சுக்குச் சமமாக இருந்தால் நல்லது, ஒன்றரை மடங்கைத் தாண்டவே கூடாது.

தொடக்க வளை ஒன்றை நீங்களே போட்டுக் கொடுங்கள். கார்க் பட்டையின் அடியிலிருந்து, கண்ணாடிச் சுவரை ஒட்டி, 30 முதல் 45 பாகைச் சாய்வில். அகலம் முதுகோட்டின் (முன்னுடலை மூடும் மேலோட்டின்) அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. கண்ணாடியின் வெளிப்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டால் உள்ளே இருட்டாக இருக்கும், வேண்டும்போது தாளைத் தூக்கிப் பார்க்கலாம். சில நாளில் அது அதைத் தன் விருப்பப்படி வளைத்துக்கொள்ளும், அகட்டும், நூல் பூசும். சில டாரன்டுலா அதை அடைத்துவிட்டு வேறிடத்தில் தோண்டும். அதுவும் நல்ல செய்திதான், இடம் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது என்று பொருள்.

கல் வைக்க ஆசைப்பட்டால் பெட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றி, சுற்றி மண் போடுங்கள். மண்மேல் வைத்த கல்லின் கீழே அது தோண்டினால் நசுங்கிச் சாகும்.

ஈரத்திலும் தேர்வு கொடுக்கலாம். ஒரு மூலையில் குழாய் ஒன்றைச் செருகி அதன் வழியே அடிமண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், எதிர்மூலை காய்ந்தே இருக்கட்டும். எங்கே உட்காருகிறது என்பதை வைத்து அதன் தேவையைப் படிக்கலாம். எப்போதும் ஈர மூலையிலேயே, கிண்ணத்தின் மேலேயே கிடந்தால் பெட்டி வறண்டிருக்கிறது. எப்போதும் சுவரிலோ பட்டையின் உச்சியிலோ தொங்கினால் மண் அதிக ஈரமாக இருக்கிறது.

கிளைவாசி:

மரவாசிகளுக்கு இந்தக் கணக்கை நிமிர்த்தி வைக்க வேண்டும். அவிகுலேரியா, கரிபினா, பொசிலோதீரியா இவற்றுக்கு உயரம்தான் இடம். கார்க் குழாயைச் செங்குத்தாக, சுவரோடு கொஞ்சம் சாய்த்து நிறுத்துங்கள். கரிபினா வெர்சிகலர் மேற்பகுதியில்தான் நூல்கூடு கட்டும். மூடியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கூடு கிழியும். அதற்காக முன்கதவு உள்ள பெட்டி, இல்லாவிட்டால் மூடிக்கு 5 செ.மீ. கீழே முடிகிற குழாய், அதன் உச்சியைச் சுற்றி இரண்டு மூன்று இலைக்கொத்து. நூல் கட்டப் பிடி அங்கேயே கிடைத்தால் மூடியை நாடாது.

காற்றோட்டம் இரண்டு எதிரெதிர்ச் சுவரில், ஒன்று கீழாகவும் ஒன்று மேலாகவும் இருக்கட்டும். ஈரத்தைக் கூட்டுகிறோம் என்று காற்றை அடைப்பதுதான் அவிகுலேரியா குஞ்சுகள் சாவதற்குப் பெரிய காரணம். மூடிக்குக் கம்பிவலை வேண்டாம். கால் நகம் சிக்கி, தொங்கி, காலை இழந்துவிடும். துளையிட்ட அக்ரிலிக் போதும்.

நூல் நெய்வதில் பேர்போன தரைவாசி குரோமடோபெல்மா சயனியோபியூபெசென்ஸ். அதற்குக் காய்ந்த மண், குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்த ஏழெட்டுக் குச்சிகள். குச்சிகளுக்கு இடையே 4 முதல் 6 செ.மீ. இடைவெளி. அவ்வளவுதான், பெட்டியையே நூல்மாளிகை ஆக்கிவிடும். எனக்குத் தெரிந்தவரை ஒரு பொருளை வைத்து டாரன்டுலா செய்யும் மிக நீண்ட, மிகச் செழிப்பான வேலை இதுதான். அதை யாரும் விளையாட்டு என்று படம்பிடித்துப் போடுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பட்டுத்தடம்:

அந்த வருத்தத்தில் நானும் பங்கு சேர்கிறேன். இரை கொடுப்பதையும் இதில் சேர்க்க வேண்டும். வளைவாசலில் இடுக்கியால் இரையை நீட்டுவது நமக்கு வசதி. சிலந்திக்கு அது வேட்டையே இல்லை. உலோக இடுக்கியில் பாய்ந்தால் நச்சுப்பல் முறியவும் கூடும். மாற்றாக, மண்மேல் ஒரு பாதியில் 1 அல்லது 2 செ.மீ. உயரத்துக்குக் காய்ந்த இலைச்சருகு பரப்புங்கள். கொதிநீரில் அலசி, நன்றாக உலர்த்திய சருகு. இரை அதில் நடக்கும்போது எழும் சலசலப்பு வளைவரை போகும். அது வாசலுக்கு வரும், நிற்கும், திரும்பும், காத்திருக்கும். இரையைத் தடவைக்குத் தடவை வேறு மூலையில் விடுங்கள்.

இரை வகையையும் மாற்றுங்கள். சிள்வண்டு (கிரிக்கெட் பூச்சி) விட்டுவிட்டுத் துள்ளும். டூபியா கரப்பான் நின்றுவிடும், மண்ணுக்குள் புதையும். ரெட் ரன்னர் கரப்பான் ஓடிக்கொண்டே இருக்கும். அதிர்வு ஒவ்வொன்றிலும் வேறு, வேட்டை முறையும் அதற்கேற்ப மாறும். சூப்பர்வார்ம் என்ற வண்டுப்புழுவைக் கொடுத்தால் தலையை நசுக்கிவிட்டுக் கொடுங்கள், அதற்குக் கடிக்கும் தாடை உண்டு, மண்ணில் புகுந்தால் கண்டுபிடிக்கவும் முடியாது. இரையின் நீளம் சிலந்தியின் உடல் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கட்டும். முதிர்ந்த ஹமோரிக்கு 7 முதல் 14 நாளுக்கு ஒரு பெரிய சிள்வண்டு போதும். என்ரிச்மென்ட் என்ற பெயரில் இரையின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். வயிறு முதுகோட்டைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் விழும்போது கிழியும் ஆபத்து ஏறும். 24 மணி நேரத்தில் தொடாத இரையை எடுத்துவிடுங்கள். வெளியில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம், மருந்து தெளித்த இடத்திலிருந்து வந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மண்குகை:

ஒன்றைச் சேர்க்கிறேன். துளையிட்ட டப்பாவில் உயிருள்ள சிள்வண்டை அடைத்து உள்ளே வைக்கும் "புதிர்த் தீனி" ஒன்று சுற்றிவருகிறது. நாய்க்கும் கிளிக்கும் சரி. டாரன்டுலா டப்பாவைப் பிரித்துத் திறக்கக் கற்றுக்கொள்ளாது. அதிர்வு வரும் இடத்தில் பாய்ந்து பிளாஸ்டிக்கில் நச்சுப்பல்லை அடிக்கும். பல் உடைந்தால் அடுத்த தோலுரிப்புவரை நசுக்கிய இரையைத்தான் ஊட்ட வேண்டியிருக்கும்.

நூல்மெத்தை:

கையில் ஏற்றி நடக்கவிடுவது என்ரிச்மென்ட் ஆகுமா? புது மணம், புது வெப்பம், புது இடம் எல்லாம் கிடைக்கிறதே என்று சொல்கிறார்கள். இன்னொரு டாரன்டுலாவைத் துணைக்கு விடலாமா என்றும் கேட்கிறார்கள்.

எட்டடி:

இரண்டும் கூடாது, நண்பரே.

கை அதற்கு ஒரு தரை, அதுவும் மூச்சுக் காற்றடிக்கும் வெதுவெதுப்பான தரை. அமைதியாக உட்கார்ந்திருப்பதை ரசிப்பதாக எடுக்க வேண்டாம். அசையாமல் இருப்பது அதன் முதல் தற்காப்பு. அடுத்த படி ஓட்டம், ஓட்டத்தின் முடிவில் வீழ்ச்சி. அமெரிக்கக் கண்டத்து இனங்களில் பெரும்பாலானவை அரிப்பு முடியை உதிர்க்கும், கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பொசிலோதீரியாவும் ஆப்பிரிக்க, ஆசிய இனங்களும் கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு வரலாம். சிலந்திக்கு இதில் கிடைக்கும் பலன் என்று எதையும் காட்ட முடியாது.

துணை விட்டால் ஒன்று மற்றதைத் தின்னும். மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபோரியை ஒரே முட்டைப்பை உடன்பிறப்புகளாகக் கூட்டமாக வளர்ப்பவர்கள் உண்டு. அது தனிக்கதை, மற்ற இனங்களுக்குப் பொருந்தாது. துணை வேண்டுமென்றால் ஸ்பிரிங்டெயில் என்ற நுண்ணுயிரியையும் குள்ள வெள்ளை ஐசோபாடு என்ற மரப்பேன் வகையையும் விடுங்கள், கழிவையும் பூஞ்சையையும் தின்னும். பெரிய ஐசோபாடு வேண்டாம், தோலுரித்து மெத்தென்று கிடக்கும் நேரத்தில் தொந்தரவு கொடுக்கும்.

நூல்மெத்தை:

நன்றி ஐயா. சுவரேறுவதும் ஓர் உற்சாகம் என்று நினைத்திருந்தேன். அதுவும் சரியில்லையா?

மண்குகை:

புதுப் பெட்டியில் ஒன்றிரண்டு வாரம் ஏறினால் இயல்பு. அதற்கு மேலும் தினமும் ஏறினால் காரணம் தேடுங்கள். மண் ஈரம் அதிகமா, காற்றோட்டம் அடைபட்டதா, பக்கத்தில் ஸ்பீக்கரோ வாஷிங் மெஷினோ ஓடுகிறதா, அடியில் ஹீட் மேட் (சூடாக்கும் மின்விரிப்பு) இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஹீட் மேட்டை ஒருபோதும் அடியில் வைக்காதீர்கள். வெப்பத்திலிருந்து தப்ப அது கீழ்நோக்கித் தோண்டும், தோண்டத் தோண்டச் சூடு கூடும். 20 முதல் 27 பாகை செல்சியஸ் அறையில் ஹீட்டரே தேவையில்லை. குளிரான அறை என்றால் தெர்மோஸ்டாட்டோடு பக்கச் சுவரில், வெளிப்புறம் ஒட்டுங்கள்.

பட்டுத்தடம்:

செம்முட்டியின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு பொருள் உதவுகிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு நேர்மையாகச் சோதிக்கலாம். சிலந்திகளில் வளரும் சூழல் நடத்தையை மாற்றும் என்பதற்கு முன்மாதிரி ஆய்வு உண்டு. 2000இல் கார்டுச்சியும் ஜேக்கபும் ஃபிடிப்பஸ் ஆடாக்ஸ் என்ற குதிக்கும் சிலந்தியைச் சிறிய பெட்டி, பெரிய பெட்டி, குச்சி உள்ளது, இல்லாதது என்று பிரித்து வளர்த்து, வெளியில் பிடித்தவற்றோடு ஒப்பிட்டார்கள். குதிக்கும் சிலந்தி கண்ணால் வேட்டையாடுவது, டாரன்டுலாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஒப்பிடும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

கேமரா முதலில். பெட்டிக்கு மேலே, அசையாத தாங்கியில், 940 நேனோமீட்டர் அகச்சிவப்பு விளக்கோடு. 850 நேனோமீட்டர் விளக்கில் மங்கிய செந்நிறம் தெரியும், அதைத் தவிர்ப்பது நல்லது. 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் இடம் தெரியும், அசைவு வந்தால் வீடியோ எடுக்கும் வசதியிருந்தால் தொடுதலும் தெரியும். பெட்டியை வளை, திறந்த தரை, பொருள் இருக்கும் மூலை, சுவர் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் 10 இரவு எதையும் மாற்றாதீர்கள். அடுத்த 10 இரவுக்கான முதல் மாலையில் மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, எதையும் வைக்காமல் மூடிவிடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. பந்து வைத்த பிறகு சிலந்தி சுறுசுறுப்பானது என்றால், அது பந்தாலா மூடி திறந்ததாலா என்று இந்தப் படி இல்லாமல் பிரிக்கவே முடியாது. மூன்றாவது 10 இரவு பந்தோடு, நான்காவது 10 இரவு பந்தை எடுத்துவிட்டு. சோதனை முழுக்கத் தீனி ஒரே இடைவெளியில். இரை உள்ளே இருக்கும் இரவுகளைக் கணக்கிலிருந்து விலக்குங்கள், சிள்வண்டும் பந்தைத் தள்ளும்.

எழுத வேண்டியவை: பந்தைத் தொட்ட தடவைகள், ஒவ்வொரு தொடுதலின் நீளம், நேராகப் பந்திடம் வந்ததா நடக்கும்போது இடறியதா, தொட்ட பிறகு என்ன செய்தது, சுவரில் இருந்த நேரம், முன்கால் தூக்கி மிரட்டியதா, புதிதாக நூல் எங்கே. பந்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால் உருண்டதும் வெறுமனே சறுக்கியதும் படத்தில் தெரியும். அதே மண், அதே சாய்வில் சிலந்தி இல்லாத காலிப் பெட்டியில் இன்னொரு பந்தையும் வைத்துவிடுங்கள். அந்தப் பந்தும் நகர்ந்தால் மேசை ஆடுகிறது.

எட்டடி:

நல்ல திட்டம். வாசனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோப்பு இல்லாமல் வெந்நீரில் கழுவி, ஒரு நாள் உலர்த்திய பந்து. சாயமோ வார்னிஷோ பூசாதது. கறுப்புப் புள்ளியைச் சூட்டூசியால் சுட்டு வையுங்கள், மை வேண்டாம். மூன்றாம் கட்டத்தின் நடுவில் அந்தப் பந்தை எடுத்துவிட்டு அதே அளவுப் புதுப் பந்தை வைத்தால் ஒன்று புரியும். பழைய பந்தின்மேல் தொடுதல் இரவுக்கிரவு குறைந்து, புதுப் பந்து வந்ததும் ஏறினால், அது ஆராய்தல். "இது என்ன" என்று கேட்டு முடிந்ததும் நிற்கிற நடத்தை. விளையாட்டு என்று வாதிட வேண்டுமானால், பழகிய பந்திடமும், வயிறு நிறைந்த இரவிலும், தேடி வந்து தொட வேண்டும். தொடும் விதமும் இரைப் பரிசோதனையிலிருந்து மாறியிருக்க வேண்டும்.

பட்டுத்தடம்:

முழுச் சம்மதம். ஒரே சிலந்தியில் வந்த முடிவை இனத்துக்கே ஏற்றக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்வோம். ஆனால் ஆராய்தல் மட்டும்தான் என்று தெரிந்தாலும் பந்து வீண் இல்லை. வளையை விட்டு வந்து ஒன்றை ஆராய்ந்து, அமைதியாகத் திரும்பிப் போகிற இரவு அதற்கு ஒரு செழிப்பான இரவுதான். அப்படியானால் பொருளை நிரந்தரமாக வைத்திருப்பதைவிட, மாதம் ஒருமுறை கார்க் துண்டு, பாசிக்கொத்து, சருகு என்று ஒன்றை மட்டும் மாற்றுவது பயன் தரும்.

மண்குகை:

ஒன்றை மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெட்டியை மொத்தமாகக் கலைத்து அடுக்குவது என்ரிச்மென்ட் ஆகாது. நடக்கும் வழியெல்லாம் அது நூல் விட்டிருக்கும், அந்த நூல்தான் அதற்கு வழியும் மணமும். வளையையும் மறைவிடத்தையும் தொடாமல், திறந்த தரையில் மட்டும் மாற்றுங்கள். பஞ்சுப் பொம்மை, கம்பளி, நூலிழை எதுவும் வேண்டாம், நகம் சிக்கும். வெளியிலிருந்து எடுத்த மரக்குச்சியைக் கொதிநீரில் வேகவைத்து உலர்த்தாமல் உள்ளே விடாதீர்கள், உண்ணி வரும்.

செம்முட்டி:

எல்லோருக்கும் நன்றி. மண்ணை 15 செ.மீ. ஆக்கிய பிறகு, ஒரு மாதம் பழகவிட்டுச் சோதனையைத் தொடங்குகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பந்து இப்போது வளைவாசலில் நூலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு தடவை இரையைத் தொடவில்லை, வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கறுத்திருக்கிறது. பந்தை எடுத்துவிட்டு மண் வேலையை இப்போதே செய்யலாமா?

எட்டடி:

கூடாது. தோலுரிப்பு நெருங்குகிறது. பந்தைத் தொடாதீர்கள், மண்ணையும் தொடாதீர்கள். வாசலை அடைத்துக் கட்டியது அதன் பாதுகாப்பு, பந்து இப்போது அந்தச் சுவரின் ஒரு பகுதி. இரையை உடனே வெளியே எடுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் குறையாமல் பாருங்கள். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று பதற வேண்டாம், அப்படித்தான் உரிக்கும், புரட்டிப் போடாதீர்கள்.

உரித்த பிறகு நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும், சிவக்கும், பிறகு கறுக்கும். முழுக்கக் கறுத்து, இரண்டு வாரமும் கடந்தபின் முதல் இரை கொடுங்கள். அதை ஒழுங்காகத் தின்று முடித்து இன்னொரு வாரம் போனதும் மண்ணை ஏற்றலாம். பந்து வாசலிலேயே இருந்தால் இருக்கட்டும், சோதனைக்கு வேறு பந்து எடுத்துக்கொள்ளுங்கள்.